ஒரே ஆளா, வேறு வேறு ஆளா? உளவியல் சோதனைக்கு வடிவம் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

காரைக்குடிப் பக்கம் ஆய்வேடு எழுதும் பிள்ளைகள் என்னைத் தேடி வருவது பெரும்பாலும் பிப்ரவரி கடைசியில்தான். லேப்டாப்பில் எக்செல் ஷீட் தயாராக இருக்கும். "சார், இதுக்கு டி டெஸ்ட் போடணுமா, அனோவா போடணுமா?" என்பார்கள். இரண்டுமே சராசரிகளை ஒப்பிடும் புள்ளியியல் கணக்குகள். "இந்த மார்க்கெல்லாம் ஒரே பிள்ளைங்ககிட்ட ரெண்டு தடவை எடுத்ததா, வேற வேற பிள்ளைங்களா?" என்று கேட்டால் முழிப்பார்கள். வீட்டைக் கட்டிப் பால் காய்ச்சிக் குடிபோன பிறகு மனைப் பொருத்தம் பார்க்கிற கதைதான். எந்த டெஸ்ட் என்பது கடைசிக் கேள்வி. யாரை எந்த நிலையில் வைத்து எத்தனை தடவை அளக்கப் போகிறோம் என்பது முதல் கேள்வி. அதைத்தான் சோதனை வடிவமைப்பு என்கிறோம்.

முதன்முதலாக ஆய்வில் இறங்கும் உளவியல், கல்வியியல் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் பத்துப் பன்னிரண்டு வடிவங்கள் வரிசையாக இருக்கும். தேர்வுக்கு அவற்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சொந்தமாக ஆய்வு செய்யும்போது ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதித் தூரம் கடந்துவிடலாம். அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது.

கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

புதுவயலிலிருந்து ஒரு மாணவி வந்திருந்தார். அந்த ஊரில் அரிசி ஆலைகள் அதிகம். அவர் வீட்டுக்குப் பின்னாலேயே ஒன்று. "மில்லு ஓடுறப்ப படிச்சா மண்டையில ஏறாதுன்னு அம்மா சொல்றாங்க சார். எனக்கு அப்படித் தோணலை. இதை ஆய்வாப் பண்ணலாமா?" என்று கேட்டார். தாராளமாகப் பண்ணலாம். இப்படி வீட்டில் நடக்கும் சண்டையிலிருந்து வரும் கேள்விதான் நல்ல கேள்வி.

ஒரு வரியில் எழுதச் சொன்னேன். "மில் சத்தத்தில் ஒரு பக்கம் படித்தவர்கள், அமைதியில் படித்தவர்களைவிடக் குறைவாக நினைவில் வைத்திருக்கிறார்களா?" நாம் மாற்றுவது சத்தம், அது சாரா மாறி. அளப்பது, படித்து முடித்த பிறகு 10 கேள்விகளுக்கு எத்தனை சரியான பதில் என்பது. அது சார்ந்த மாறி.

இங்கேயே ஒரு பொறி இருக்கிறது. மில் பக்கத்தில் குடியிருக்கும் பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் தள்ளியிருக்கும் பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் ஒப்பிட்டால் போதாதா என்று தோன்றும். அது ஒப்பீடு, சோதனை ஆகாது. மில்லை ஒட்டிக் குடியிருப்பவர்களின் வருமானம், பள்ளி, வீட்டின் அளவு எல்லாமே வேறாக இருக்கலாம். நீங்கள் எதையும் மாற்றவில்லை என்றால் ஆய்வேட்டில் "சோதனை" என்ற சொல்லைப் போடாதீர்கள். வாய்மொழித் தேர்வில் முதல் அடி அங்கேதான் விழும்.

அந்த ஒரே கேள்வி: ஆள் பழைய நிலைக்குத் திரும்புவாரா?

ஆத்தங்குடியில் பூக்கல் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுவார்கள். அதன் மேல் சிமென்ட்டும் மணலும் போட்டு அழுத்தி, பிறகு தண்ணீரில் ஊறப் போடுவார்கள். சிவப்பு ஊற்றிய கல்லைக் கழுவிவிட்டு, அதே கல்லில் பச்சையை ஊற்றிப் பார்க்க முடியாது. பச்சைக்கு வேறு கல்தான் வேண்டும். பந்தியில் சாப்பிடுகிறவர் அப்படியில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பதார்த்தத்துக்குத் தயாராகிவிடுவார்.

உங்கள் சோதனையில் கலந்துகொள்பவர் கல்லா, பந்தியில் இருப்பவரா? சத்தம், அமைதி போன்ற ஒரு நிலையைக் கடந்த பிறகு அவரால் பழையபடி ஆக முடியும் என்றால், ஒரே ஆளை எல்லா நிலைகளிலும் வைத்து அளக்கலாம். இதை மீள்அளவை வடிவம், வித்தின் சப்ஜெக்ட்ஸ் என்பார்கள். முடியாது என்றால் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி ஆட்கள் வேண்டும். அது தனிக்குழு வடிவம், பிட்வீன் சப்ஜெக்ட்ஸ்.

ஒரு சட்டி கும்மாயத்தை, நம் செட்டிநாட்டு இனிப்பை, எடுத்துக்கொள்வோம். கருப்பட்டியில் செய்தது பிடிக்கிறதா, வெல்லத்தில் செய்தது பிடிக்கிறதா என்பது கேள்வி என்றால் ஒரே ஆளுக்கு இரண்டையும் கொடுக்கலாம், நடுவில் வாயைக் கொப்பளிக்கச் சொல்லி. கேள்வியைக் கொஞ்சம் மாற்றுங்கள். கும்மாயம் ஒன்றேதான். பாதிப் பேரிடம் "ஆச்சி வீட்டில் கிண்டியது" என்கிறோம். மீதிப் பேரிடம் "கடையில் வாங்கியது" என்கிறோம். பெயர் மாறினால் ருசியும் மாறுகிறதா என்று பார்க்கிறோம். இதை ஒரே ஆளிடம் செய்தால் இரண்டாவது கிண்ணத்திலேயே, "ரெண்டும் ஒண்ணுதானே, என்ன சோதிக்கிறீங்களா?" என்று சிரித்துவிடுவார். தந்திரம் தெரிந்துபோன ஆளைத் தெரியாதவராக ஆக்க முடியாது. தின்பண்டம் ஒன்றுதான், கேள்வி மாறியதும் வடிவமும் மாறிவிட்டது.

உளவியலாளர்கள் லாஃப்டஸும் பால்மரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வு இரண்டாவது வகை. 45 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படத்துண்டுகளைக் காட்டி, கார்கள் எவ்வளவு வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரு வினைச்சொல் மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது. நொறுங்க மோதின என்ற பொருள்படும் சொல்லைக் கேட்டவர்கள் சொன்ன சராசரி வேகம் மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல், தொட்டுக்கொண்டன என்ற பொருளில் கேட்டவர்கள் சொன்னது 31.8. ஒரே ஆளிடம் இரண்டு சொல்லையும் போட்டுக் கேட்டிருந்தால் அவர் முதல் பதிலையே திருப்பிச் சொல்லியிருப்பார், அல்லது கேள்வியின் சூட்சுமத்தைப் பிடித்திருப்பார்.

உளவியலாளர் ஸ்ட்ரூப் 1935-இல் செய்தது எதிர்த் திசை. "சிவப்பு" என்ற சொல்லை நீல மையில் அச்சடித்துக் காட்டி, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் நாக்கு தடுமாறும். வெறும் நிறக்கட்டத்தைக் காட்டினால் தடுமாறாது. இதை ஒரே ஆளிடம்தான் பார்க்க வேண்டும். ஒருவர் இயல்பிலேயே வேகமாகப் பேசுவார், இன்னொருவர் நிதானமாகப் பேசுவார். வேறு வேறு ஆட்களை வைத்தால் அந்த வேறுபாட்டுக்குள் நாம் தேடுவது அமுங்கிப்போகும்.

சரி, மில் சத்தம்? 15 நிமிடம் சத்தத்தில் படித்தவர் கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டு அமைதியில் வேறொரு பக்கத்தைப் படிக்கலாம். முதல் நிலையின் பாதிப்பு அடுத்ததில் ஒட்டிக்கொண்டு வருவதை ஒட்டுதல் என்போம், இங்கே அது பெரிதாக மிஞ்சாது. ஆகவே ஒரே ஆள். படிப்பு உத்தி, தியானம், கவனப் பயிற்சி என்று எதையாவது கற்றுக்கொடுக்கிறீர்கள் என்றால் தனிக்குழுதான். கற்றுக்கொண்டதை யாரும் உதறிவிட்டு வரமாட்டார்கள்.

ஆள் எண்ணிக்கை

ஒரே ஆள் வடிவத்தின் பெரிய லாபம் இதுதான். விளைவு நடுத்தர அளவு, அதாவது விளைவின் பருமனை அளக்கும் கோஹன் கணக்கில் 0.5, என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீதப் பிழை வரம்பில் (இல்லாத விளைவை இருக்கிறது என்று சொல்லிவிடும் வாய்ப்பு அவ்வளவுதான்), அந்த விளைவைக் கண்டுபிடிக்க 80 சதவீத வாய்ப்பு வேண்டும். தனிக்குழு என்றால் குழுவுக்கு 64, மொத்தம் 128 பேர். ஒரே ஆள் என்றால், ஒருவரின் இரண்டு மதிப்பெண்களுக்கும் 0.5 அளவுக்கு ஒட்டுறவு (ஒன்று கூடினால் மற்றதும் கூடும் போக்கு) இருக்கும் பட்சத்தில், 34 பேர் போதும். ஜி பவர் என்ற இலவச மென்பொருளில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஆய்வேடுகளில் "குழுவுக்கு 15 பேர்" என்று பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். நடுத்தர விளைவு உண்மையிலேயே இருந்தாலும், அத்தனை பேரை வைத்தால் ஏறக்குறைய நான்கில் ஒரு தடவைதான் கண்ணில் சிக்கும். பிறகு "வேறுபாடு இல்லை" என்று முடிவுரை எழுதிவிடுவார்கள்.

ஒரே ஆள் என்றால் வரிசையில் கவனம்

லாபத்துக்கு ஒரு விலை உண்டு. இரண்டாவதாக வரும் நிலையில் ஆளுக்குப் பழக்கம் வந்திருக்கும். இல்லையென்றால் கொட்டாவி வந்திருக்கும். எல்லோரும் முதலில் அமைதி, பிறகு சத்தம் என்று படித்தால், மதிப்பெண் இறங்கியதற்குச் சத்தம் காரணமா, சோர்வு காரணமா என்று பிரிக்க முடியாது. அதனால் பாதிப் பேருக்கு வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்.

புதுவயல் மாணவியின் சோதனையில் இன்னொரு முடிச்சும் இருந்தது. இரண்டு தடவையும் ஒரே பக்கத்தைக் கொடுக்க முடியாது, இரண்டு பக்கங்கள் வேண்டும். ஒரு பக்கம் எளிதாகவும் மற்றது கடினமாகவும் அமைந்துவிட்டால்? அதனால் பக்கத்தையும் திருப்பினோம். வினாத்தாள் நான்கு விதமாக வந்தது:

முதல் விதம்: பக்கம் 1 அமைதியில், பிறகு பக்கம் 2 சத்தத்தில்.
இரண்டாவது: பக்கம் 1 சத்தத்தில், பிறகு பக்கம் 2 அமைதியில்.
மூன்றாவது: பக்கம் 2 அமைதியில், பிறகு பக்கம் 1 சத்தத்தில்.
நான்காவது: பக்கம் 2 சத்தத்தில், பிறகு பக்கம் 1 அமைதியில்.

34 பேரை நான்காகச் சமமாகப் பிரிக்க முடியாது. ஆகவே 36 பேர், விதத்துக்கு 9. இந்த மாதிரி கணக்கை ஆள் சேர்ப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

நிலைகள் மூன்று ஆனால் வரிசைகள் 6, நான்கு ஆனால் 24. எல்லாவற்றையும் பயன்படுத்த ஆள் கிடைக்காது. நான்கு நிலைகளுக்கு நான்கே வரிசைகளை வைத்துச் சமாளிக்கும் லத்தீன் சதுரம் ஒன்றைத் தருகிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளலாம் (ஓர் எழுத்து ஒரு நிலை): அஆஈஇ, ஆஇஅஈ, இஈஆஅ, ஈஅஇஆ. ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு தடவை வருகிறது. எந்த எழுத்தும் மற்ற ஒவ்வோர் எழுத்துக்கும் நேர் பின்னால் ஒரு தடவைதான் வருகிறது. பென்சிலை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வரிசையைத் திருப்புவது எல்லாவற்றையும் குணமாக்கிவிடாது. முதலில் தியானம் செய்தவர் பிறகு "சும்மா உட்காருங்கள்" என்றாலும் மூச்சைக் கவனித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். முதலில் சும்மா உட்கார்ந்தவருக்கு அந்தச் சிக்கல் கிடையாது. ஒட்டுதல் இப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் தனிக்குழு வடிவத்துக்கே போய்விடுங்கள்.

தனிக்குழு என்றால் திருவுளச் சீட்டு

இதில் நானே கையைச் சுட்டுக்கொண்டவன். பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளியில் சனிக்கிழமை காலை ஒரு நினைவாற்றல் சோதனை வைத்திருந்தேன். முதலில் வந்த 20 பிள்ளைகளை அறைக்குள் உட்காரவைத்து ஒரு குழு ஆக்கினேன். பிறகு வந்த 20 பேர் இரண்டாவது குழு. எதையும் பார்த்துப் பொறுக்கவில்லை, வந்த வரிசைதானே, ரேண்டம்தானே என்று நினைத்தேன். முதல் குழுவின் மதிப்பெண் அபாரமாக வந்தது. இரண்டு நாள் குதூகலமாகத் திரிந்தேன். பெயர்ப் பட்டியலை எடுத்து ஊரைப் பார்த்தபோதுதான் உறைத்தது. முதலில் வந்தவர்கள் பள்ளிக்குப் பக்கத்துத் தெருப் பிள்ளைகள், வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு நடந்து வந்தவர்கள். பிறகு வந்தவர்கள் கிராமங்களிலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர்கள். சிலர் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. நான் அளந்தது நினைவாற்றல் உத்தியை அல்ல, பஸ்ஸை.

ரேண்டம் என்றால் "பார்க்காமல் செய்தேன்" என்று பொருள் அல்ல. ஒவ்வொருவருக்கும் எந்தக் குழுவிலும் விழச் சம வாய்ப்பு இருக்க வேண்டும், அதை மனிதக் கை தீர்மானிக்கக் கூடாது. கோயிலில் திருவுளச் சீட்டுப் போடுவது போலத்தான். செய்முறை இது: ஆள் வருவதற்கு முந்தைய நாளே, நான்கு நான்கு சீட்டுகளாக, இரண்டில் "அ", இரண்டில் "ஆ" என்று எழுதிக் குலுக்கி எடுங்கள். எடுத்த வரிசையில் உறைகளில் போட்டு ஒட்டி, உறை மேல் எண் எழுதுங்கள். முதல் ஆளுக்கு முதல் உறை. நான்கு நான்காகப் போடுவதால் பாதியில் நிறுத்த நேர்ந்தாலும் குழுக்கள் ஏறக்குறைய சமமாக இருக்கும். பெயர் எழுதிய பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். ஆளைப் பார்த்துவிட்டு அடுத்த உறையை எடுக்கும் சபலம் யாருக்கும் வரும்.

ஆட்கள் குறைவாக இருந்து, அவர்களுக்குள் வித்தியாசம் அதிகமாக இருந்தால் இணைசேர்த்துப் பிரிக்கலாம். முன்தேர்வு மதிப்பெண்ணை இறங்கு வரிசையில் எழுதி, மேலிருந்து இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒவ்வொரு இணைக்கும் காசு சுண்டி ஒருவரை இங்கே, மற்றவரை அங்கே போடுங்கள். காசு சுண்டுவதை விட்டுவிட்டு வெறுமனே இணைசேர்த்தால் பாதி வேலைதான் ஆகும்.

தனிக்குழுவில் இன்னொரு பள்ளம் உண்டு. பிர்ன்பாம் என்ற உளவியலாளர் 1999-இல் ஒரு குழுவிடம் 9 என்ற எண் எவ்வளவு பெரியது என்று கேட்டார். வேறொரு குழுவிடம் 221 எவ்வளவு பெரியது என்று கேட்டார். 9-க்குத்தான் சராசரி மதிப்பீடு அதிகமாக வந்தது! 9-ஐ ஒற்றை இலக்க எண்களோடும் 221-ஐ நூறுகளோடும் ஒப்பிட்டு அவரவர் மனத்தில் அவரவர் அளவுகோலை வைத்துக்கொண்டார்கள் என்பது அவர் விளக்கம். "எவ்வளவு பிடித்தது, 10-க்கு எவ்வளவு கொடுப்பீர்கள்" என்று கேட்கும் சோதனைகளைத் தனிக்குழுவில் வைப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். சரி-தவறு எண்ணிக்கை, விநாடி போன்ற அளவுகளில் இந்தத் தொல்லை இல்லை.

பள்ளியில் வகுப்பைப் பிரிக்கத் தரமாட்டார்கள்

எம்.எட். பிள்ளைகளின் நடைமுறைச் சிக்கல் இதுதான். தலைமையாசிரியர் "7 அ-வுக்குப் புது முறையில் நடத்துங்க, 7 ஆ-வுக்குப் பழைய முறையில் நடத்துங்க" என்பார். குலுக்கல் கிடையாது. இதற்குப் பகுதிச் சோதனை வடிவம் என்று பெயர். செய்யலாம், தப்பில்லை. ஆனால் அதை அப்படியே சொல்லிச் செய்ய வேண்டும்.

நம் பக்கம் நகரத்தார் கோயில்களில் புள்ளிக் கணக்கு உண்டல்லவா? கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. வீட்டில் எட்டுப் பேர் இருக்கிறார்கள் என்று எட்டுப் புள்ளி எழுதமாட்டார்கள். ஆய்விலும் இதே கேள்வி வரும், எது ஒரு புள்ளி? 40 பிள்ளைகள் ஒரே ஆசிரியரிடம், ஒரே அறையில், ஒரே மதிய வெயிலில் கற்றால் அவர்கள் 40 தனிப் புள்ளிகள் அல்ல. ஆசிரியரின் திறமையும் வகுப்பின் கலகலப்பும் எல்லோர் மேலும் ஒன்றாகப் படிந்திருக்கும். புது முறைக்கு ஒரு வகுப்பு, பழைய முறைக்கு ஒரு வகுப்பு என்றால் வேறுபாடு முறையால் வந்ததா, வகுப்பால் வந்ததா என்று எந்தப் புள்ளியியலும் பிரித்துத் தராது. முடிந்தால் பக்கத்துப் பள்ளிகளிலிருந்தும் சேர்த்து ஏழெட்டு வகுப்புகள் பிடியுங்கள். முடியாவிட்டால் இரண்டு வகுப்புக்கும் முன்தேர்வு வையுங்கள், ஒரே ஆசிரியரை இரண்டுக்கும் நடத்தச் சொல்லுங்கள், குறையை ஆய்வேட்டில் நீங்களே எழுதிவிடுங்கள். இரண்டு பிரிவும் மதிப்பெண் பார்த்துப் பிரிக்கப்பட்டவையா என்பதையும் விசாரியுங்கள். பள்ளியில் வெளிப்படையாகச் சொல்லமாட்டார்கள், பழைய மதிப்பெண் பதிவேடு சொல்லிவிடும்.

ஒரே வகுப்பு, முன்தேர்வு, பயிற்சி, பின்தேர்வு என்ற வடிவத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நடுவில் மாசி-பங்குனித் திருவிழா வரும், அரையாண்டுத் தேர்வு வரும், பிள்ளைகளுக்கே நாலு மாத வயது கூடும். அதிலும் "குறைந்த மதிப்பெண் எடுத்த 20 பேரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்தோம்" என்றால் கேட்கவே வேண்டாம். அன்றைக்குக் காய்ச்சலில் எழுதிக் குறைந்தவர்களும் அந்த 20 பேரில் இருப்பார்கள். பயிற்சி கொடுக்காவிட்டாலும் அடுத்த தடவை அவர்களின் சராசரி தானாக ஏறும்.

பயிற்சி கொடுக்காத குழுவுக்கு, அதாவது கட்டுப்பாட்டுக் குழுவுக்கு, நல்லதை மறுக்கிறோமே என்ற உறுத்தல் வந்தால், ஆய்வு முடிந்ததும் அவர்களுக்கும் அதே பயிற்சியைக் கொடுத்துவிடுங்கள். பெற்றோர் கேட்கும்போது பதில் சொல்லவும் வசதி.

மீதி வடிவங்கள்

பயிற்சிக் குழு, பயிற்சியில்லாக் குழு. இரண்டுக்கும் முன்னும் பின்னும் தேர்வு. இது கலப்பு வடிவம். பயிற்சி ஆய்வுகளில் பெரும்பாலும் இதில்தான் வந்து நிற்பீர்கள். இரண்டு சாரா மாறிகளைச் சேர்த்துப் பார்ப்பது காரணிய வடிவம்: சத்தம் உண்டு-இல்லை, பாடம் எளிது-கடினம், ஆக நான்கு கட்டம். சத்தம் கடினப் பாடத்தை மட்டும் கெடுக்கிறதா என்று கேட்கத் தோன்றினால் மட்டும் இதை எடுங்கள். பார்க்கப் பெரிதாக இருக்கும் என்பதற்காக எடுக்காதீர்கள். முன்தேர்வு எழுதியதே பிள்ளைகளை மாற்றிவிடுமோ என்ற சந்தேகத்துக்கு 1949-இல் சாலமன் என்ற ஆய்வாளர், இரண்டு குழுக்களுக்கு முன்தேர்வே வைக்காத நான்கு குழு வடிவத்தைச் சொன்னார். அழகானது, ஆனால் முதல் ஆய்வுக்கு ஆள் பற்றாது.

எந்த டெஸ்ட்? தனிக்குழு இரண்டு என்றால் சார்பில்லா டி டெஸ்ட். ஒரே ஆள், அல்லது இணைசேர்த்தவர்கள் என்றால் இணை டி டெஸ்ட். முன்தேர்விலேயே இருந்த வேறுபாட்டைச் சரிக்கட்ட அன்கோவா. பிப்ரவரிக் கேள்விக்குப் பதில் மூன்றே வரிதான்.

களத்துக்குப் போகும் முன்

கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பள்ளியின் அனுமதி, பெற்றோரின் கையெழுத்து. பிள்ளைகளின் சம்மதமும் வேண்டும்: ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாக, அதற்கு மேல் 18 வரை எழுத்தில். இதற்கே மூன்று வாரம் ஓடிவிடும், முதலிலேயே தொடங்குங்கள்.

பிறகு தெரிந்தவர்கள் நாலைந்து பேரை வைத்து ஒரு வெள்ளோட்டம். புதுவயல் மாணவி முதலில் எழுதிவந்த இரண்டு பக்கங்கள் பிள்ளையார்பட்டியைப் பற்றியும் கண்டாங்கிச் சேலையைப் பற்றியும். வெள்ளோட்டத்தில் எல்லோரும் பத்துக்குப் பத்து. படித்ததால் அல்ல, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே தெரியும். ஒட்டகத்தைப் பற்றி ஒரு பக்கமும் உப்பளத்தைப் பற்றி ஒரு பக்கமும் புதிதாக எழுதினார். மில் சத்தத்தை மொட்டைமாடியிலிருந்து போனில் பதிவு செய்திருந்தார். ஒன்பதாவது நிமிடத்தில் "ஏய், சாப்பிட வாடீ" என்று அவர் அம்மா கூப்பிடும் குரல் தெளிவாகக் கேட்டது. வெள்ளோட்டத்துக்கு வந்த ஐந்து பேருமே சரியாக அந்த இடத்தில் தலையைத் தூக்கிச் சிரித்தார்கள். மறுநாள், அம்மா சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, திரும்பவும் பதிவு செய்தார்.